ஞாயிறு இரவு சிம் ரேசிங் லீக்: சேரப் போகிறவர்களுக்கு

ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்டும் நம் பக்கத்துப் பையன்கள் என் இன்வெர்ட்டர் கடைக்கு வந்தால், பேட்டரி விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது "அண்ணே, நீங்க ஓட்டுற லீக்ல சேரலாமா?" என்பதுதான். தாராளமாகச் சேரலாம். ஆனால் லீக் நடத்துகிறவர்கள் அனுப்பும் விதிமுறைக் கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுச் சேருங்கள். சில சீசன்களாக நான் இந்த லீக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அந்தக் கோப்பும், அதை அவர்கள் நடைமுறைப்படுத்தும் விதமும்தான் காரணம். குறைகளும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

கேம், அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2019இல் முழுமையாக வெளியிட்டது, ஜிடி3 கார்களை, அதாவது சாலை ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்காக மாற்றிய வகையை, மையமாக வைத்துச் செய்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கேம்கள் வந்துவிட்டன. ஆனாலும் சர்வர் மென்பொருளைக் கேமோடு சேர்த்தே கொடுப்பதால் லீக் நடத்துகிறவர்களுக்கு இது வசதி. ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு, கிளம்பும் வரிசையை முடிவு செய்யும் குவாலிஃபையிங் கால் மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேர ரேஸ், நடுவில் கட்டாயமாக ஒரு பிட் ஸ்டாப் (ஓரத்துப் பிட் லேனுக்குள் வந்து நிறுத்துவது). ஓட்டுகிறவர்களில் மதுரை, கோவை, சென்னைக்காரர்கள் பாதி. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் ஆட்கள் மீதி. சீசன் கட்டணம் சர்வர் வாடகைக்குப் போகிறது. பரிசுப் பணம் கிடையாது. அது இல்லாததாலேயே பாதிச் சண்டை குறைகிறது என்பது என் எண்ணம்.

யார் வேண்டுமானாலும் நுழையும் பொது லாபியில் ஓட்டியவர்களுக்கு இத்தாலியின் மோன்சா டிராக்கின் முதல் வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 250 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வந்து, குறுகலான இரட்டைத் திருப்பத்துக்குள் நுழைய வேண்டும். முன்னால் கும்பலாகக் கார்கள் போகும்போது அவற்றின் பின்னால் காற்றுத் தடை குறைவு. அதனால் பின்னால் வருபவர் வழக்கத்தைவிட வேகமாக வந்து சேருவார். அதே காரணத்தால் காரைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸும் குறைந்திருக்கும், டயரும் சூடேறியிருக்காது. தனியாகப் பழகியபோது எந்தப் பலகையருகே பிரேக் மிதித்தாரோ, அங்கேயே முதல் லேப்பிலும் மிதித்தால் கார் நிற்காது. லாபியில் பாதிப் பேரின் ரேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த லீக்கில் முதல் லேப்பில் இடித்தால் தண்டனை இரட்டிப்பு. அதோடு, "எனக்கு முன்னால் போனவர் சீக்கிரம் பிரேக் போட்டுவிட்டார்" என்பதை முதல் லேப்பில் காரணமாக ஏற்க மாட்டோம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு வரி செய்யும் வேலை பெரிது. மோன்சாவில் எல்லோரும் உயிரோடு இரண்டாவது வளைவைத் தாண்டுவதை இங்கே வந்துதான் நான் பார்த்தேன்.

உள்பக்கமாக முந்துவதற்கு வைத்திருக்கும் அளவும் தெளிவானது. முன்னால் போகிறவர் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும் முன், முந்த வருகிறவரின் முன்சக்கரம் அவருடைய பக்கக் கண்ணாடிக்கு இணையாக வந்திருக்க வேண்டும். வந்துவிட்டால் முந்த வருகிறவருக்கு ஒரு கார் அகலம் இடம் விட்டே ஆகவேண்டும். வரவில்லை என்றால் பின்வாங்க வேண்டியது முந்த வந்தவரின் பொறுப்பு. கண்ணாடியை அளவுகோலாக வைப்பது ஃபார்முலா 1 நடுவர்களிடமும் உள்ள பழக்கம்தான். தற்காப்புக்கு நேர்பாதையில் ஒரு முறை மட்டும் பாதை மாறலாம். பிரேக் மிதித்த பிறகு பாதை மாறினால் தண்டனை. இதெல்லாம் பல லீக்குகளில் இருப்பதுதான். விதியை எழுதுவது எளிது, வாரா வாரம் ஒரே மாதிரி பயன்படுத்துவதுதான் கஷ்டம். அந்த இடத்தில் இவர்கள் நன்றாகச் செய்கிறார்கள்.

ரேஸ் முடிந்த முதல் ஒரு மணி நேரம் புகார்ப் படிவமே திறக்காது. சூட்டோடு சூடாக யாரும் எதையும் எழுதக் கூடாது என்பதற்காக. அதன் பிறகு திங்கள் இரவு வரை நேரம். எந்த லேப், எந்த வளைவு, ரீப்ளேயில் எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிட வேண்டும். எதிராளியை எந்தப் பட்டப்பெயராலும் குறிப்பிடக் கூடாது, கார் எண் மட்டும்தான். எதிராளியும் தன் பக்கத்தை எழுதித் தருவார். மூன்று ஸ்டீவர்டுகள், அதாவது நடுவர்கள், இரண்டு பேரின் காக்பிட் பார்வையிலும், வெளிக் கேமராவிலும் பார்க்கிறார்கள். சம்பந்தப்பட்ட மோதலில் ஸ்டீவர்டே இருந்தால் அவர் விலகி, மாற்று ஆள் உட்காருவார். தீர்ப்பு வரும்வரை குழுவில் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. தீர்ப்பில் எந்த விதி, ஏன் இந்தத் தண்டனை என்று நாலு வரி இருக்கும். எனக்கு எதிராக வந்த தீர்ப்பைக்கூடப் படித்து ஒத்துக்கொள்ள முடிந்தது, காரணம் எழுதியிருந்ததால்.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. இடித்து ஒருவரை முந்திவிட்டால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, அவரை முன்னால் விட்டுவிட்டு அப்புறம் ஓட்டலாம். அப்படிச் செய்தால் தண்டனை இல்லை, எச்சரிக்கையோடு முடியும். போன சீசனில் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் இது என் முன்னாலேயே நடந்தது. லா சோர்ஸ் வளைவில் தேவகோட்டைப் பையன் ஒருவர் பிரேக்கில் தாமதித்து என் பின்பக்கத்தைத் தட்ட, என் கார் சுழன்று சுவரைப் பார்த்து நின்றது. நான் திருப்பி எடுத்து இறக்கத்தில் வந்தபோது, அடுத்த வளைவான ஓ ரூஜுக்கு முன்னால் வலது ஓரமாக அவர் கார் காத்திருந்தது. நான் தாண்டிய பிறகுதான் நகர்ந்தார். ரேஸ் முடிந்து வாய்ஸில் வந்தார்.

"அண்ணே, லா சோர்ஸ்ல என் தப்புதான். ரிப்போர்ட் போடுறதுன்னா போட்டுக்கங்க."

"வேண்டாம் தம்பி, நீங்க நின்னீங்கல்ல. அடுத்த ரேஸ்ல பார்த்துக்கலாம்."

ஆனால் இதே விதியில் ஓட்டை ஒன்று இருக்கிறது. நான் சுழன்று நின்ற நேரத்தில் வேறு இரண்டு கார்கள் தாண்டிப் போய்விட்டன. அந்த இரண்டு இடங்களுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. இடித்தவர் குறைந்தது ஐந்து வினாடி தண்டனையாவது ஏற்க வேண்டும், நின்று வழிவிட்டால் அது பாதியாகக் குறையலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம்.

ஜிடி3, அதைவிட வேகம் குறைந்த ஜிடி4 இரண்டும் ஒன்றாக ஓடும் ரேஸ்கள் சீசனில் உண்டு. நம் ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று வேகத்துக்கு ஏற்ப தனித்தனியாக ஓட விடுவார்கள். இங்கே வேறு வேறு வேகக் கார்கள் ஒரே நேரத்தில் ஒரே டிராக்கில். அப்போது ப்ளூ ஃப்ளாக், அதாவது பின்னால் வேகமான கார் வருகிறது என்று காட்டும் நீலக் கொடி, அதன் விதிதான் உயிர்நாடி. ஒரே வகுப்புக்குள் ஒரு லேப் பின்தங்கியவர், அடுத்த இரண்டு வளைவுகளுக்குள் வழிவிட வேண்டும். வகுப்பு வேறு என்றால் மெதுவான கார் தன் பாதையை மாற்றாமல் ஓட்டினால் போதும். பாதுகாப்பாகத் தாண்ட வேண்டியது வேகமான காரின் பொறுப்பு. புதியவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு திடீரென ஓரம் போவார்கள், பின்னால் வருகிறவரும் அதே ஓரத்தில் வந்துகொண்டிருப்பார். நேராகப் போவதுதான் அங்கே மரியாதை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி போர்ஷே கார்கள் ஓடும் 991 பிரிவில் மூன்றாவது வந்த பிறகு, நம் பக்கத்திலிருந்து லீக்குக்கு வர விருப்பம் காட்டும் பையன்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்தப் பந்தயத்தின் வீடியோவை எடுத்து முந்துகிற காட்சிகளை விட்டுவிட்டு, மெதுவான கார்கள் தாண்டப்படும்போது எப்படி ஓட்டுகின்றன என்று பாருங்கள்.

பேச்சு விஷயத்தில் கண்டிப்பு அதிகம், அது சரிதான். குவாலிஃபையிங் தொடங்கியதிலிருந்து கடைசிக் கார் கோட்டைத் தாண்டும்வரை எழுத்துச் சாட் கிடையாது. சாட் வந்தால் திரையில் எழுத்து ஓடும், கண் அங்கே போகும். வாய்ஸில் பேச வேண்டுமென்றால் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் பேச வேண்டும். ஒருவர் வீட்டு மிக்ஸிச் சத்தமும் டிவி சீரியலும் எல்லோர் காதிலும் விழாமல் இருப்பதற்கு அதுதான் வழி. ஹெட்லைட் அடிப்பது வேகமான வகுப்புக் கார் தான் வருவதைத் தெரிவிக்க மட்டும். ஒரே இடத்துக்குப் போட்டி போடும்போது பின்னால் விடாமல் லைட் அடிப்பதைத் தொந்தரவு என்று எழுதி, புள்ளியும் பிடிக்கிறார்கள்.

பிங், அதாவது இணையத்தில் தகவல் போய்வரும் தாமதம், அதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். இதை வெறும் கட்டுப்பாடு என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 50 மீட்டர். தகவல் வந்து சேர 60 மில்லிவினாடி தாமதம் என்றால், அதற்குள் கார் 3 மீட்டர் நகர்ந்திருக்கும். அந்த இடைவெளியை கேம் ஊகித்துத்தான் நிரப்புகிறது. நம் திரையில் தொடாத கார் அவர் திரையில் இடித்திருக்கும். ஆகவே பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது நிஜக் காருக்கு விடுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இடம் விடுங்கள் என்று கோப்பில் தனிப் பத்தியே இருக்கிறது. படிக்கத் தவறாதீர்கள்.

நம் பக்கத்து வீடுகளுக்கு இந்தப் பிங் விஷயம் தனிச் சிக்கல். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் எங்கள் வீட்டில் ரௌட்டர் முகப்பில் இருக்கிறது, என் அறை வளவை (நடு முற்றத்தை)த் தாண்டி இரண்டாம் கட்டில். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவரின் கனத்தில் வைஃபை வந்து சேர்வதற்குள் செத்துவிடும். வளவுத் தூண்களின் மேலே, உத்தரத்தை ஒட்டி லேன் ஒயர் இழுத்தேன், அதன் பிறகு பிங் ஆடுவதில்லை. இன்னொன்று, ஆத்தங்குடித் தரையில் சக்கர நாற்காலி போட்டு பிரேக் மிதித்தால் நாற்காலி வழுக்கிக்கொண்டு பின்னால் போகும். லோட் செல் பெடல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம், ஏனென்றால் அதில் காலின் அழுத்தம்தான் பிரேக்கின் அளவு. நாற்காலி நகர்ந்தால் அழுத்தம் போய்விடும், முன்னால் இருப்பவரை இடிக்க நேரும். தேக்கு நாற்காலியைப் போட்டு, கால்களுக்கும் பெடலுக்கும் அடியில் ஒரே சாக்கை விரித்து வையுங்கள். ஆச்சிக்குத் தரையில் கீறல் விழும் கவலையும் இல்லை.

லீக்கிடம் எனக்குள்ள பெரிய வருத்தம் இணைப்பு அறுந்து போவது பற்றிய விதி. ரேஸ் நடுவில் இணைப்பு போனால் அன்று புள்ளி இல்லை, திரும்ப வர வழியும் இல்லை. அது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே சீசனில் அது மறுபடியும் நடந்தால் அடுத்த ரேஸில் எல்லோரும் கிளம்பிய பிறகு பிட் லேனிலிருந்து தொடங்க வேண்டும். கோபத்தில் பாதியில் எழுந்து போகிறவர்களைத் தடுக்க வந்த விதி, ஐப்பசி மழையில் கரண்ட் போகிற கிராமத்துக்காரனையும் அதே தராசில் நிறுத்துகிறது. சென்னை ஃபிளாட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. என் தொழில் இது என்பதால் சொல்கிறேன்: கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்தால் போதாது. ரௌட்டரையும், ஃபைபர் வந்து சேரும் பெட்டியையும் அதே இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு கணத்தில் ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா என்று முன்கூட்டியே மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வாங்கும் இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். பலர் அதைத் தொடுவதே இல்லை.

வராமல் போவது பற்றிய விதி மட்டும் நியாயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் எதுவும் குறையாது. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவில் ரேஸ் நாள் வந்தபோது நான் சொல்லிவிட்டுப் போனேன், இடம் அப்படியே இருந்தது. சொல்லாமல் வராதவருக்கு அடுத்த சீசனில் காத்திருப்போர் பட்டியல்தான்.

புதியவர்களுக்கு நேரடியாக இடம் தருவதில்லை. முதலில் சோதனை ரேஸ்கள். அதில் எத்தனையாவது வந்தீர்கள் என்று பார்க்க மாட்டார்கள், எத்தனை பேரைத் தொட்டீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். கடைசியில் வந்தாலும் யாரையும் இடிக்காதவருக்கு இடம் உறுதி. வீல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய லாஜிடெக் ஜி29 வைத்துக்கொண்டு முதல் ஐந்துக்குள் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ப்ரீஃபிங் ஒன்பதே காலுக்குத் தமிழில் நடக்கும். அதற்கு வராதவர் அன்று பிட் லேனிலிருந்துதான் கிளம்ப வேண்டும், ஆகவே சாப்பாட்டை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.