அக்சஸிலிருந்து ஏஎஸ்/400க்கு: லிங்க் டேபிளா, பாஸ்-த்ரூவா, கோப்பா?

கொழும்புத் தலைமைக் கந்தோரில் ஐபிஎம் ஐ ஓடும் ஒரு சேவையகக் கணினி (2000இலேயே பெயர் மாறத் தொடங்கிவிட்டது, ஆனால் பாவிப்பவர்களுக்கு அது இன்னும் ஏஎஸ்/400தான்), திருகோணமலைக் கிளையில் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருள், நடுவில் ஒரு விபிஎன். இரண்டையும் சேர்க்க மூன்று வழி இருக்கிறது. எது வேகம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தொடர்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று எது ஒழுங்காகச் சொல்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அதற்கு முதல் ஒன்று. "பச்சைத் திரை வேலை செய்யுது, அப்ப லைனில பிழையில்லை சேர்" என்று கொழும்பிலிருந்து சொன்னால் நம்பிவிடாதீர்கள். பச்சைத் திரை, அதாவது ஏஎஸ்/400இன் எழுத்து மட்டுமுள்ள பழைய முனையத் திரை, டெல்நெட்டில், வழக்கமாக போர்ட் 23 வழியாகப் போகிறது. அக்சஸ் சேவையகத்துடன் கதைக்கும் ஓடிபிசி என்ற இணைப்பு முறைக்கு வேண்டியது 449, 8476, 8471 போர்ட்டுகள். குறியாக்கம் போட்டிருந்தால் 9476, 9471. ஃபயர்வோலில் 23 மட்டும் திறந்திருந்தால் திரை அழகாக வரும், அக்சஸ் மட்டும் காத்திருந்து காத்திருந்து விழும். சிடபிள்யூபிபிங் என்ற கட்டளை ஒவ்வொரு சேவையாகத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடும்.

சரி, லிங்க் டேபிள். எல்லாரும் இதில்தான் தொடங்குவார்கள், ஏனென்றால் இரண்டு கிளிக்கில் கொழும்பு அட்டவணை நம் திரையில் வந்துவிடும். உள்ளே நடப்பது வேறு: அக்சஸ் முதலில் சாவிகளை (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்புகள்) மட்டும் எடுத்து, பிறகு அந்தச் சாவிகளைக் கொடுத்து வரிசைகளைப் பத்துப் பத்தாக வாங்குகிறது. ஒரே கட்டடத்துக்குள் இது தெரியாது. திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையில் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு போய்வரவு என்றால் நன்றாகவே தெரியும். இணைக்கும்போது தனித்துவமான சாவி எது என்று கேட்கும் பெட்டியில் கண்டபடி ஒன்றைத் தெரிந்தால் ஒரே பதிவு பல தடவை வரும். சாவி எழுத்துக்கள் சரியாக மாற்றப்படாவிட்டால் எல்லாக் கட்டத்திலும் 'நீக்கப்பட்டது' என்று வந்து நெஞ்சை அடைக்க வைக்கும், உண்மையில் ஒன்றும் அழிந்திருக்காது. அட்டவணையின் ஒரு நிரலுக்கு (நெடுவரிசை) எழுத்துக் குறிமுறை எண்ணான சிசிஎஸ்ஐடி 65535 என்று குறிக்கப்பட்டிருந்தால் எழுத்துக்குப் பதில் குப்பைதான் வரும். டிஎஸ்என் (ஓடிபிசி இணைப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) அமைப்பில் அதை எழுத்தாக மாற்றச் சொல்லும் தெரிவு உண்டு. இத்தனைக்கும் அக்சஸ் முதலில் காட்டுவது 'ஓடிபிசி அழைப்பு தோல்வி' என்ற ஒரே வசனம்.

பாஸ்-த்ரூ குவெரியில் அக்சஸ் மூக்கை நுழைப்பதில்லை. எழுதிய எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) அப்படியே சேவையகத்துக்குப் போய், அங்கேயே ஓடி, விடை மட்டும் வருகிறது. பிழையும் அங்கிருந்தே வருகிறது: எஸ்க்யூஎல்0204 என்றால் லைப்ரரியோ (அட்டவணைகளை வைக்கும் தொகுப்பு) பெயரோ பிழை, 28000 என்றால் பயனர் பெயரிலோ பாஸ்வேர்டிலோ கோளாறு. யாருடன் கதைக்க வேண்டும் என்பது உடனே விளங்கும். குறை என்னவென்றால், வரும் விடையைத் திருத்த முடியாது, ஏஎஸ்/400இன் தரவுத்தளமான டிபி2இன் எஸ்க்யூஎல் கொஞ்சம் பழக வேண்டும், லைப்ரரிக்கும் அட்டவணைக்கும் நடுவில் புள்ளியா சாய்கோடா என்பது டிஎஸ்என் அமைப்பைப் பொறுத்தது. இன்னொன்று: ஏஎஸ்/400 பாவிக்கும் எப்சிடிக் எழுத்துக் குறிமுறையில் எழுத்துகளுக்குப் பிறகுதான் எண்கள், ஆகவே பொருள் குறியீட்டுப் பட்டியல் வேறு வரிசையில் வந்தால் பயப்பட வேண்டாம்.

மூன்றாவது, ஐபிஎம்மின் அக்சஸ் கிளையன்ட் சொல்யூஷன்ஸ் மென்பொருளின் (மைக்ரோசாஃப்ட் அக்சஸ் வேறு) டேட்டா டிரான்ஸ்ஃபர் மூலம் கோப்பாக இறக்கி உள்ளே போடுவது. தரவு பழசாகிவிடும், அதனால் அன்றாட வேலைக்கு எனக்குப் பிடிக்காது. சோதனைக்கு மட்டும் இது தங்கம். ஜாவாவில் ஓடுவதால் ஓடிபிசி டிரைவர் தேவையில்லை, போவதோ அதே போர்ட்டுகள் வழியாக. இது ஓடி அக்சஸ் ஓடாவிட்டால் லைனை விட்டுவிட்டு உங்கள் கணினியைப் பாருங்கள். அநேகமாக 32 பிட் அக்சஸுக்கு 64 பிட் டிஎஸ்என் செய்து வைத்திருப்பீர்கள். விண்டோஸில் ஓடிபிசி நிர்வாகி இரண்டு உண்டு, 32 பிட்டுக்கானது சிஸ்வாவ்64 கோப்புறையில் இருக்கிறது, பெயரைப் பார்த்துக் குழம்பாமல் இருப்பவர் யார்!

என் தெரிவு: அறிக்கைகள் முழுக்க பாஸ்-த்ரூ. பதிவைத் திருத்தியே ஆக வேண்டிய சின்ன அட்டவணைகளுக்கு மட்டும் லிங்க், அதுவும் ஒழுங்கான எண் சாவி இருந்தால். அங்கே சேமிக்கும்போது எஸ்க்யூஎல்7008 வந்தால் அந்த அட்டவணைக்கு ஜேர்னல் (மாற்றங்களைப் பதியும் ஏடு) போடவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். டிஎஸ்என்னில் கமிட் முறையை (மாற்றங்களை உறுதிப்படுத்தும் முறை) 'இல்லை' என்று மாற்றலாம், ஆனால் பாதியில் லைன் போனால் பின்வாங்க வழியிருக்காது, ஆகவே முதலில் கொழும்பில் ஜேர்னல் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள்.