டார்வின் சறுக்கிய இரண்டு பள்ளத்தாக்குகள்: கும் இட்வலா, க்ளென் ராயா?

பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி, முன்பு போன தடத்தைப் பார்க்க பிரிட்டனில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கே போவது? வேல்ஸின் கும் இட்வலா, ஸ்காட்லாந்தின் க்ளென் ராயா? இரண்டும் தேசிய இயற்கைக் காப்பகங்கள். ஹீத்தர் புதரும் புல்லுமாக, மரம் குறைந்த மலைவெளிகள். இரண்டிலுமே தடயத்தைப் படிப்பதில் சார்லஸ் டார்வின் சறுக்கியிருக்கிறார். சறுக்கிய விதம்தான் வேறு.

கும் இட்வலுக்கு அவர் 1831 ஆகஸ்டில் புவியியலாளர் ஆடம் செட்ஜ்விக்குடன் போனார். பாறையில் தொல்லுயிர்ப் படிமம் தேடுவதிலேயே இருவரும் மும்முரமாக இருந்ததால், சுற்றிக் கிடந்த பனியாற்றுத் தடயம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. 1842-இல் திரும்பப் போனபோதுதான் பட்டது. தீயில் எரிந்துபோன வீடுகூட இவ்வளவு தெளிவாகத் தன் கதையைச் சொல்லாது என்று பின்னாளில் நொந்துகொண்டார்.

அவர் நொந்ததில் நியாயம் இருக்கிறது. அங்குள்ள ஏரியின் கரையை ஒட்டி மேடு மேடாக நிற்பது பனியாறு கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும். பாறையில் கை வைத்துத் தடவினால் ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும், பனி நகர்ந்த திசையில் கீறல்கள் ஓடும். மறுபக்கம் பிய்த்தெடுத்ததுபோல் கரடுமுரடு. பனி ஏறி வந்த பக்கம் எது, பாறையைப் பெயர்த்துக்கொண்டு இறங்கிய பக்கம் எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். பின்னால் நிற்கும் செங்குத்துப் பாறையில், சுமார் 45 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைப் பாறை அடுக்குகள் கிண்ணம்போல் வளைந்து கிடப்பதும் கீழிருந்தே தெரியும்.

க்ளென் ராயில் கதை தலைகீழ். அங்கே டார்வினுக்குத் தடயம் நன்றாகவே தெரிந்தது. மலைச்சரிவில் சுமார் 260, 325, 350 மீட்டர் உயரங்களில், மட்டம் பிசகாமல் ஓடும் மூன்று கோடுகள். வீரன் ஃபிங்கால் வேட்டைக்குப் போன பாதை என்பது அந்த ஊர்க் கதை. 1838-இல் போன டார்வின், இவை பழைய கடற்கரைகள் என்று மறுவருடமே கட்டுரை எழுதிவிட்டார். 1840-இல் அங்கே வந்த பனியாற்று ஆய்வாளர் லூயி அகாசி சொன்னதுதான் சரி: பள்ளத்தாக்கின் வாயைப் பனியாறு அடைத்தது, உள்ளே ஏரி தேங்கியது, கோடுகள் அந்த ஏரியின் கரைகள். டார்வின் இதை ஒத்துக்கொள்ள 1861 ஆனது.

கலங்கல், அதாவது மிகைநீர் வழிந்தோடும் இடம், உள்ள எந்த ஏரியையும் பார்த்தவருக்கு இது எளிதில் விளங்கும். நீர் எவ்வளவு ஏறலாம் என்பதைக் கலங்கல்தானே முடிவுசெய்கிறது? இங்கே மலைக் கணவாய்தான் கலங்கல். பனி முன்னேறித் தாழ்ந்த கணவாயை அடைத்தால் நீர் அடுத்த கணவாய் வரை ஏறும், பின்வாங்கினால் இறங்கும். ஒவ்வொரு கோட்டின் உயரத்துக்கும் ஒரு கணவாய் உண்டு. இதெல்லாம் நடந்தது ஏறக்குறைய 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன், கடைசிக் கடுங்குளிர்க் காலத்தில். கும் இட்வலின் மேடுகளும் அதே காலத்தவைதான்.

முதல் தடவை போகிறவருக்கு என் ஓட்டு கும் இட்வலுக்கு. சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நடந்தால் போதும், மேகம் இறங்கினாலும் பாறையைத் தொட்டுப் பார்க்கலாம். க்ளென் ராயில் கோட்டின் மேலேயே போய் நின்றால் சாய்ந்த மேய்ச்சல் திட்டு ஒன்றுதான் காலடியில் இருக்கும், அவ்வளவுதான். எதிர்ச்சரிவிலிருந்து, சாய்வெயிலில் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் போய்விட்டு ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று அலுத்துக்கொண்டால், அது பள்ளத்தாக்கின் தப்பில்லை.