காரைநகர், திருநெல்வேலி, இணுவில்: ஓய்வூதியத்தில் எட்டு வருசம்

போன மாதம் என் ஒன்றுவிட்ட தம்பி கொழும்பிலிருந்து போன் எடுத்தான். அடுத்த வருசம் அவனுக்கு அறுபது. "அக்கா, பென்சனோட ஊருக்கு வரலாம் எண்டு யோசிக்கிறன். செலவு குறைஞ்ச இடமாப் பாத்து ஒரு ரெண்டு பரப்புக் காணி சொல்லி வையுங்கோவன்" என்றான். காணியைப் பிறகு பார்க்கலாம், முதலில் நான் சொல்வதைக் கேள் என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினேன். போனில் சொன்னது பாதி காற்றோடு போயிருக்கும். அவனைப்போல யோசிக்கிற வேறு ஆட்களும் இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஆசிரியை. என் கணவர், இவர், தபால் திணைக்களத்தில் இருந்தவர். 27 வருசம் கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்து, பிள்ளைகள் இரண்டையும் படிப்பித்து அனுப்பிவிட்டு, 2017 ஆவணியில் யாழ்ப்பாணம் வந்தோம். அன்றிலிருந்து மூன்று இடத்தில் இருந்திருக்கிறோம். பாலத்தால் இணைந்த தீவான காரைநகரில் மூன்று வருசத்துக்குக் கொஞ்சம் குறைய, யாழ். பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலியில் இரண்டரை வருசம், 2023 தையிலிருந்து இணுவில். மூன்றில் வாடகையே இல்லாத வீடுதான் எங்களுக்கு ஆகக் கூடிய செலவு வைத்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அது காரைநகரில் உள்ள என் சீதன வீடு. 91இல் ஊர் இடம்பெயர்ந்தபோது பூட்டிவிட்டுப் போனது. பிறகு உறவுக்காரர் சிலர் வந்து வந்து இருந்தார்கள். நாங்கள் போனபோது சுவர் நின்றது, கூரையில் பாதி ஓடு கிடந்தது, பனஞ்சலாகையைக் கறையான் தின்றிருந்தது. சொந்த வீடுதானே, ஒருமுறை செலவழித்தால் சாகும்வரை வாடகை இல்லை என்று கணக்குப் போட்டோம். இவருக்குக் கிடைத்த பணிக்கொடையில் பெரும்பங்கு அந்தக் கூரைக்குள் போனது. கடற்காற்றுக்குக் கேற் பிணைச்சலும் யன்னல் கம்பியும் இரண்டு வருசத்தில் துருப்பிடித்து உதிர்ந்தன. ஒவ்வொரு சோளகக் காற்றுக்குப் பிறகும் ஏதாவது ஒன்றைத் திருத்த ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய பாடு தண்ணி. தீவுக் கிணற்றின் குணம் வெளியாட்களுக்குத் தெரியாது. நானே கொழும்பில் இருந்து மறந்துபோனேன். மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உவர்த்தண்ணிக்கு மேல் பாலில் ஆடை படிந்தமாதிரிக் கிடக்கும். வாளியால் அளவாக அள்ளினால் அது நிற்கும். மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அம்மா காலத்தில் துலாவால் அள்ளிய கிணற்றுக்கு நாங்கள் மோட்டர் போட்டோம், மேலே தாங்கி வைத்தோம். தையில் நல்ல தண்ணி. ஆனி ஆடி வந்தால் வாய் கொப்பளிக்கவே உவர்ப்பு. குடிக்க, சமைக்க பவுசர் வண்டியில் வரும் தண்ணி வாங்கினோம். காசு ஒருபக்கம் இருக்கட்டும். நிறைந்த 20 லீற்றர் கானை விறாந்தையிலிருந்து குசினிக்குத் தூக்குவது அறுபது வயதில் ஒரு வேலை, எழுபதில் அதே வேலை இல்லை. வீடு பார்க்கிறவர்கள் இதை நினைப்பதில்லை.

2019 கார்த்திகையில் ஒரு இரவு இவருக்கு நெஞ்சுநோ வந்தது. 1990க்கு அடித்தோம். அந்த அம்புலன்ஸ் சேவை 2018 ஆடியில்தான் வடக்குக்கு வந்திருந்தது. ஒரு சதம் வாங்காமல் வந்து ஏற்றினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன். ஆனால் காரைநகரிலிருந்து பொன்னாலைப் பாலம் கடந்து, வட்டுக்கோட்டை தாண்டி, யாழ். போதனா வைத்தியசாலை வரை 20 கிலோமீற்றர் அளவு. மழை இருட்டில், இரண்டு பக்கமும் கடல், இவருடைய கையைப் பிடித்தபடி நான் போன அந்தத் தூரம் எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

இவர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை கிளினிக். கிளினிக் இலவசம், மருந்தும் இலவசம். ஆனால் விடிய ஆறுமணிக்கு வரிசையில் கிளினிக் கொப்பி வைக்க வேண்டுமென்றால் முதல் பஸ் காணாது, ஓட்டோதான். ஓட்டோ காத்து நின்று கூட்டிவந்தால் அதற்கும் காசு. இருதயத்துக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள், என் சீனி வருத்தத்துக்கு ஒரு நாள் என்று ஓடினோம். பங்குனி 2020இல் ஊரடங்கு வந்தபோது கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பினார்கள். தன் திணைக்களத்துப் பையன் படலையில் நின்று மருந்துப் பொதியை நீட்டியபோது இவர் அழுதுவிட்டார். அன்றிரவு நான்தான் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஓட்டோ, பவுசர், திருத்த வேலை மூன்றையும் கூட்டி மாதத்துக்குப் பிரித்தால், டவுணுக்குக் கிட்ட ஒரு நல்ல வீட்டு வாடகை வந்தது.

சீதன வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போவது என் வயதுப் பெண்களுக்குச் சின்ன விசயமில்லை. அக்காமார் கோபித்தார்கள். "அம்மா கட்டின வீட்டை விட்டிட்டு ஆற்றையோ வீட்டில போய் இருக்கப்போறியே?" என்றார்கள். இப்போது அங்கே ஊர்ப் பிள்ளை ஒருத்தி குடும்பத்தோடு இருக்கிறாள். வாடகை வாங்குவதில்லை, விளக்கு எரிகிறது, கிணறு இறைபடுகிறது, அது போதும். மார்கழித் திருவாதிரைக்குச் சிவன் கோயிலுக்குப் போகும்போது ஒரு இரவு தங்கி வருவோம்.

திருநெல்வேலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட மேல்மாடி. சந்தைக்கு நடை, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் பத்து நிமிசம். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது நாங்கள் எதற்கும் தவிக்கவில்லை. எல்லாம் கால்நடையில் முடிந்தது. காரைநகரில் இருந்திருந்தால் அந்த வருசத்தை எப்படிக் கடந்திருப்போம் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒரு அறைக்கு மூன்று பேராகச் சேர்ந்து வாடகை கொடுக்கிற இடத்தில் ஓய்வூதியக்காரர் போட்டிபோட முடியாது. 22,000க்குப் போன வீட்டை இரண்டாம் வருசமே 30,000 ஆக்கச் சொன்னார்கள். காணி நெருக்கம், எங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வளவு மலகூடக் குழிக்கும் இடையில் நாலு பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) கூட இருக்காது. அடியில் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் என்பதால் குழியில் விட்டது கிணற்றுக்கு வர நேரமெடுக்காது. கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. கடைசியில் எங்களை அந்த வீட்டிலிருந்து எழுப்பியது படிக்கட்டு. என் முழங்கால் இரண்டும் பதினேழு படிக்கு ஒத்துவரவில்லை.

மூன்றாவது வீட்டை நாங்கள் தேடிய விதமே வேறு. வாடகையைக் கடைசியாகக் கேட்டோம். கீழ்வீடா, பஸ் வீதிக்கு எத்தனை நிமிச நடை, கிணற்றைச் சுற்றி என்ன இருக்கிறது, அயலில் ஆட்கள் இருக்கிறார்களா, இல்லை பூட்டிய வீடுகளா என்றுதான் பார்த்தோம். இணுவில் அடங்கிய வலிகாமப் பகுதியில் பூட்டுப்போட்ட வெளிநாட்டுக்காரர் வீடுகள் நிரையாக இருக்கும் ஒழுங்கைகள் உண்டு. பகலில் அழகாக இருக்கும், இரவில் கூப்பிட ஒரு குரல் இராது. அப்படி இரண்டு நல்ல வீட்டை விட்டுவிட்டோம்.

தண்ணியை முதலே சோதித்தோம். இணுவில், கோண்டாவில், ஏழாலைப் பக்கம் செம்மண் தோட்டம். வெங்காயம், புகையிலை, மரக்கறி என்று வருசம் முழுக்கப் பயிர், வருசம் முழுக்கப் பசளை. போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்கும். குடிதண்ணியில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. மகள் பேரப்பிள்ளையோடு வந்து நிற்கிற வீடு என்பதால் எங்களுக்கு அது முக்கியம். இதைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது, தண்ணி வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். மூன்று கிணற்றுத் தண்ணியைப் போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். தோட்டத்தை ஒட்டியிருந்த இரண்டும் அளவைத் தாண்டின. மூன்றாவதற்கு அட்வான்ஸ் கொடுத்தோம். வீடு வாடகைக்கு எடுக்க ஆய்வுகூடம் போனதைப் பார்த்துத் தரகர் முகம் சுளித்தார். கொடுத்த கட்டணம் ஒரு மாத வாடகையில் சின்னப் பங்கு. அதைச் செய்யாமல் எவரும் கையெழுத்து வைக்கவேண்டாம்.

வீட்டுக்காரர் கனடாவில். ஐந்து வருச ஒப்பந்தம், நொத்தாரிசு முன்னால் எழுதினது, வருசக் காசு முன்கூட்டியே. மாதக் கணக்கில் 20,000 வருகிறது. காங்கேசன்துறை வீதிக்கு ஆறு நிமிச நடை. தெற்கே 6 கிலோமீற்றர் போனால் பெரியாஸ்பத்திரி, அதே வீதியில் வடக்கே போனால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. அவசரமில்லாத சின்ன வருத்தத்துக்கு ஊருக்குள்ளேயே 1898இல் தொடங்கிய மக்லியோட் மருத்துவமனை. மருதனார்மடம் சந்தையில் விடிய ஏழுமணிக்கு முன் போனால் தோட்டக்காரரிடமே வாங்கலாம். கீரையும் கத்தரிக்காயும் வெள்ளவத்தை விலையில் பாதிக்குக் கிட்ட. வளவில் நாலு தென்னை, ஒரு முருங்கை. மட்டையும் பாளையும் விறகுக்குப் போதும் என்பதால் காஸ் சிலிண்டர் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கிறது. மின்சாரத்தை மாதம் 60 யூனிற்றுக்குள் வைத்திருக்கப் பழகிவிட்டோம். 2022 ஆவணியிலும் 2023 மாசியிலும் கட்டணம் ஏறின ஏற்றத்துக்குப் பிறகு, அந்த 60ஐத் தாண்டினால் பட்டியலே வேறாகிவிடும். மோட்டரைக் காலையில் ஒருதரம் போட்டுத் தாங்கியை நிரப்பினால் சரி.

மாலையில் எங்கோ ஒரு வீட்டில் தவில் சாதகம் கேட்கும். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர் இது. இவர் கதிரையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார். இதற்கு நான் எந்தக் கணக்கிலும் விலை போடவில்லை.

குறைகளும் உண்டு. தண்ணி வன்தண்ணி, கேத்திலில் மாதத்துக்கொருமுறை வெள்ளைக்கட்டி தட்டவேண்டும். 2024 கார்த்திகை மழையில் ஒழுங்கையில் முழங்காலுக்குக் கீழ் வெள்ளம், மூன்று நாள் வெளியே இறங்கவில்லை. மழை விட்டதும் டெங்குப் பயம். கோயில் ஒலிபெருக்கி விடிய ஐந்துமணிக்கு. நித்திரை குறைந்தவர்களுக்கு அது கஷ்டம். எல்லாவற்றிலும் பெரிய குறை, இது எங்கள் வீடில்லை. ஒப்பந்தம் முடியும்போது எனக்கு எழுபது தாண்டியிருக்கும். வீட்டுக்காரர் நல்ல மனிசர், தொடரலாம் என்கிறார். ஆனாலும் இரவில் நினைவு வந்தால் நித்திரை வராது.

நாங்கள் இருந்து பார்க்காத இடங்களைப் பற்றி உறவுக்காரர் சொல்வதை மட்டும் சொல்லலாம். நெல்லியடியில் இருக்கும் மச்சாள் மந்திகை ஆஸ்பத்திரி கிட்ட என்பதால் யாழ்ப்பாணம் வரத் தேவையில்லை என்கிறாள். மீசாலையில் இருக்கும் சித்தப்பாவின் மகனுக்குக் காணி வலிகாமத்தைவிட மலிவாக வந்தது. மா, பலா, தென்னை எல்லாம் வளவுக்குள். ஆனால் உள் ஒழுங்கை, மோட்டச்சைக்கிள் இல்லாமல் சந்திக்கு வர முடியாது. எழுபத்தைந்து வயதில் யார் அதை ஓட்டுவது என்று அவனிடம் கேட்டேன். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

காணி வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு ஒன்று. 16 பரப்பு ஒரு ஏக்கர். இருவர் இருக்க ஒன்றரைப் பரப்பே தாராளம். பெரிய வளவு துப்புரவாக்கும் கூலியிலேயே உங்களைத் தின்னும். அதைவிட முக்கியம், பிரியாத பங்குக் காணி என்றால் காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள ஒவ்வொரு பங்குக்காரரையும் தேடுங்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி அவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஒருவர் லண்டனில், ஒருவர் நோர்வேயில் என்று இருக்க, இங்குள்ள ஒருவர் கையெழுத்தில் வாங்கினால், மிச்ச வயது நீதிமன்ற வாசலில் போகும். எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி ஒரு ஐயா இருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை கோப்போடு பஸ்ஸுக்கு நிற்பார். பார்க்கவே மனம் தாங்காது.

தம்பி தைப்பொங்கலுக்கு வந்து இடம் பார்க்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். தையில் எல்லா ஊரும் பச்சை, எல்லாக் கிணறும் நிறைவு, எந்தத் தண்ணியும் இனிக்கும். ஆடியில் வா, போத்தலோடு வா, மனுசியையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். ஒரு மாதம் எங்களோடு இருக்கப்போகிறார்கள். பின்னறையில் கிடக்கிற தேங்காயையும் விறகையும் அதற்குள் எடுத்து ஒதுக்கவேண்டும்.