கொரியன் புல் போய் அருகம்புல் வந்தது: தாம்பரத்தில் ஒரு புல்தரையின் எட்டு ஆண்டுகள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் எங்கள் வீட்டு மாமரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. மரத்தை அறுத்து அப்புறப்படுத்தியபின் வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே 600 சதுர அடி மண் வெறிச்சென்று கிடந்தது. காலையில் கதவைத் திறந்தால் கண் கூசும். அந்தப் பொட்டல் வெளியைப் பார்க்கப் பொறுக்காமல்தான் புல்தரை போட்டேன். இன்னொரு மாங்கன்று வைத்திருக்கலாமே என்று என் அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

2017 தை மாதம் நர்சரியிலிருந்து கொரியன் புல்லைச் சதுரம் சதுரமாகக் கொண்டுவந்து பாய் விரித்ததுபோல் பதித்தார்கள். சதுர அடிக்கு 30 ரூபாய். செம்மண்ணும் தொழுவுரமும் தனிக்கணக்கு. முதல் ஆண்டு நிஜமாகவே அழகாக இருந்தது. ஊசிபோன்ற மெல்லிய இலை, கரும்பச்சை நிறம், வெறுங்காலில் நடந்தால் மெத்தை. மெதுவாக வளர்வதால் இருபது நாளைக்கு ஒருமுறை வெட்டினால் போதும். விற்றவர் சொன்ன நல்ல குணங்கள் அத்தனையும் உண்மை. அவர் சொல்லாமல் விட்டவை இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தன. வெட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாலும் கொரியன் புல் மேடு மேடாகப் புடைத்துக்கொள்ளும். மேட்டை வழித்து வெட்டினால் அடியில் காய்ந்த பழுப்புத் தண்டு மட்டும் தெரியும், அந்த இடம் மறுபடி பச்சையாக இரண்டு மாதம் பிடிக்கும். மெதுவாக வளரும் புல் மெதுவாகத்தான் ஆறும்.

இதற்குள் அருகம்புல் நுழைந்துவிட்டது. தொழுவுரத்தில் வந்ததோ மதிலுக்கு அடியில் தவழ்ந்து வந்ததோ தெரியாது. கொரியன் புல்லின் நடுவே வெளிர்ப்பச்சையாக ஓடும் கொடியைக் காலை வேளைகளில் உட்கார்ந்து பிடுங்குவேன். கல்யாண வீட்டில் ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்துகிறார்களே, அதன் முழுப்பொருள் அருகைப் பிடுங்கிப் பார்த்தவனுக்குத்தான் விளங்கும். மேலே ஒரு கொடி ஓடும், மண்ணுக்கடியில் இன்னொரு தண்டு ஓடும், கணுவுக்குக் கணு வேர். அறுந்து உள்ளே தங்கிவிட்ட அரை அங்குலத் துண்டும் பத்தே நாளில் தலை நீட்டும். மாதம் ஒருமுறை வேலைக்கு வரும் பெரியவர் ஒருநாள் சொன்னார்: “அருகோடு மல்லுக்கட்டாதீர்கள் சார். அது நம்மை வழியனுப்பிவிட்டுத்தான் போகும்.” நான் கேட்கவில்லை.

பிறகு 2019 வந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றி, தெருவில் குடங்களின் வரிசை நின்ற கோடைகாலம் அது. எங்கள் ஆழ்துளைக் கிணறு ஒரு மணி நேரம் ஓடி, பிறகு காற்றை உமிழும். குடிக்கவே லாரித் தண்ணீர் என்னும்போது புல்லுக்கு ஊற்றினால் மனசாட்சி மட்டுமல்ல, எதிர்வீடும் கேட்கும். துணி அலசிய தண்ணீரை வாளியில் கொண்டுபோய் ஊற்றினேன். ஒரு மூலைக்குத்தான் வந்தது. ஜூன் மாதத்தில் முழுத்தரையும் வைக்கோல் நிறமாகிவிட்டது. செலவு செய்த பணத்தை நினைத்து அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டேன்.

ஆகஸ்டில் நான்கைந்து நல்ல மழை. ஒரு வாரத்தில் ஆங்காங்கே பச்சை தலைகாட்டியது. கொரியன் புல் மீண்டுவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், அருகு. இரண்டு ஆண்டு பிடுங்கியும் அழியாதது, எழுபது நாள் சொட்டு நீரின்றிக் கிடந்தும் சாகாதது, காசு கொடுத்து வாங்கியதன் பிணத்தின்மேல் படர்ந்துகொண்டிருந்தது. அன்றே பிடுங்குவதை நிறுத்தினேன். அடுத்த தை மாதத்துக்குள் தரை முழுவதும் அதுதான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உலகமெங்கும் கோல்ஃப் மைதானங்களில் போடும் பெர்முடா புல் என்பது நம் அருகுதான், அல்லது அருகும் அதன் ஆப்பிரிக்க உறவும் கலந்த ஒட்டு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டிஃப்டன் என்ற ஊரிலிருந்து 1960இல் வெளியான டிஃப்வே 419 அப்படிப்பட்ட ஒட்டுரகம். நம் நாட்டு அருகுக்கு அதைவிட இலை முரடு, நிறம் கொஞ்சம் மட்டு. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆண்டு முழுவதும் என்ன செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று முதலில். உரப் பையிலும் விதைப் பொட்டலத்திலும் அச்சடித்திருக்கும் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்ற அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். நான் அதை நம்பி 2018 டிசம்பரில் ரை புல் விதை வாங்கித் தூவினேன். மார்கழிக் குளிரில் பட்டுப்போல முளைத்தது. படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மாசி முடிவதற்குள் ஒரு இலை மிச்சமில்லை. அது 15 முதல் 24 டிகிரி வரையிலான குளுமையில் வாழும் ஜாதி. நம் மார்கழி இரவே 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. அருகுக்கு 27 முதல் 35 டிகிரி வரை கொண்டாட்டம்.

எனக்குப் புல்லின் ஆண்டு பொங்கல் கழிந்துதான் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிச்சமிருந்து, வெயில் ஏறத் தொடங்கும் காலம். தை கடைசியில் தரையை அரை அங்குல உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுவேன். பார்க்க மொட்டையடித்த தலை மாதிரி இருக்கும். வருகிறவர்கள் துக்கம் விசாரிப்பார்கள். வாரியால் அழுத்தி வாரினால் அடியில் மக்காமல் கிடக்கும் தண்டும் சருகும் சாக்குச் சாக்காக வரும். பிறகு கடப்பாரையால் அரை அடிக்கு ஒன்றாகக் குத்தி, குழிகளுக்குள் மணலும் மண்புழு உரமும் கலந்து தள்ளுவேன். முதுகு போய்விடும் வேலை. இரண்டு நாள் ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்வது உத்தமம். ஆனால் ஆண்டில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன். 2021இல் சோம்பல்பட்டு விட்டதற்கு அந்த ஆண்டு முழுவதும் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழிந்தோடியது.

குத்தி முடித்தபின் வேப்பம் புண்ணாக்கு ஐந்து கிலோ, ஒரு வாரம் கழித்து யூரியா அரைக் கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 600 சதுர அடிக்கு அரைக் கிலோவுக்கு மேல் போடுவது புல்லை வறுப்பது மாதிரி. மணலோடு கலந்து, இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் யூரியா ஒட்டினால் மறுநாள் அங்கங்கே சூடு போட்டதுபோலத் தெரியும்.

மாசி, பங்குனியில் தரை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பத்து நாளுக்கு ஒரு வெட்டு, ஒரு அங்குல உயரம். நெருஞ்சி தலைகாட்டினால் மட்டும் பூவிலேயே பிடுங்கிவிடுங்கள். முள் விழுந்தபின் வெறுங்கால் நடை இல்லை.

சித்திரையில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். மே மாதக் கத்திரி வெயிலில் புல் சற்று வெளிறும். உடனே பதறிப்போய் உரம் போடத் தோன்றும். போடாதீர்கள். செய்ய வேண்டியது, வெட்டும் உயரத்தை இரண்டு அங்குலத்துக்கு ஏற்றுவது. உயர்ந்த இலை தன் வேருக்குத் தானே குடை பிடிக்கும். தை மாத மொட்டையைத் தவிர எந்தக் காலத்திலும் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக்கூடாது என்பது கோடையில் இரட்டிப்பு உண்மை.

தண்ணீர்க் கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நிற்க ஒரு லிட்டர். என் தரை 56 சதுர மீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 280 லிட்டர். ஆனால் நாள்தோறும் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை, விடியற்காலையில், 800 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நேர்ப்பக்கச் சுவருள்ள எவர்சில்வர் டம்ளர்கள் நான்கைத் தரையில் வைத்துவிட்டுத் தெளிப்பானைத் திறந்தால், அவற்றில் ஒன்றரை சென்டிமீட்டர் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு நாற்பது நிமிடம். காபிக்குத் தேடிய மனைவி டம்ளர்களைத் தோட்டத்தில் கண்டெடுத்தது தனிக்கதை.

எங்கள் கிணற்று நீர் உப்பு. புல் தாங்குகிறது, ஆனால் நரம்புகள் பச்சையாக இருக்க இலை மட்டும் மஞ்சளாகும். இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாததால் வருவது. அதற்கு மருந்து ஓர் இரும்பு உப்பு, உரக்கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்கள். லிட்டருக்கு ஐந்து கிராம், கொஞ்சம் எலுமிச்சம் பழச்சாறு சேர்த்து மாலையில் தெளித்தால் நான்கு நாளில் நிறம் திரும்பும். நடைபாதைச் சிமெண்டில் பட்டால் துருக்கறை போகவே போகாது. எங்கள் போர்ட்டிகோவே சாட்சி.

ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை. புல் தினவெடுத்து வளரும். வாரம் ஒரு வெட்டு. இரண்டாவது, கடைசி அரைக் கிலோ யூரியா இப்போது. கூடவே கோரையும் வரும். அதை இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் சங்கிலியாகக் கிடந்து இரட்டிப்பாக முளைக்கும். மழை பெய்த மறுநாள் களைக்கொத்தியால் தோண்டிக் கிழங்கோடு எடுப்பது ஒன்றே வழி. எடுத்ததை அம்மா கழுவிக் காயவைத்துக் குளியல் பொடியில் சேர்க்கிறார். மாமரத்துக்கு ஈடாக இந்தத் தரையிலிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே வருமானம் அதுதான்.

புரட்டாசியில் கொண்டலாத்தியும் மைனாக்களும் ஒரே இடத்தில் விடாமல் கொத்தினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அங்கே அடியில் வேர்ப்புழு இருக்கிறது. கோடை மழையில் வெளிவந்து வேப்பிலை தின்ற வண்டுகளின் குஞ்சுகள் அவை. புல்லைப் பிடித்துத் தூக்கினால் கம்பளம்போல எழுந்து வரும். நான் மருந்து அடிப்பதில்லை. அந்த இடத்தைக் கிளறிப் பறவைகளுக்கு விட்டுவிடுகிறேன். வேப்பம் புண்ணாக்கு போட ஆரம்பித்தபின் குறைந்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, செய்யாமலிருப்பதற்கு நிறைய இருக்கிறது. ஈரத் தரையில் நடக்காதீர்கள், ஈரப்புல்லை வெட்டாதீர்கள். நான் முதலில் வாங்கிய மின்சாரப் புல்வெட்டி இப்படித்தான் இரண்டாம் ஆண்டு மழையில் கருகியது. வாரண்டியில் ஈரப்புல்லுக்கு இடமில்லை என்று நிறுவனம் கைவிரித்தது. இப்போது இருப்பது தள்ளிக்கொண்டு போகும் உருளைக் கத்தி எந்திரம், பழையது, 12 அங்குலம். கத்தரிக்கோல்போலச் சுத்தமாக வெட்டுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சாணை பிடித்தால் போதும். ஆனால் புல் மூன்று அங்குலம் தாண்டிவிட்டால் அது வேலைக்கு ஆகாது. அரிவாளைத்தான் எடுக்க வேண்டும். சிறிய தரைக்கு மின்சாரம் வேண்டியதில்லை என்பது என் கட்சி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூன்று நாள் முழங்கால் தண்ணீர் நின்றது. வடிந்தபின் ஒரு விரற்கடை வண்டல். அதைக் காயவிட்டு வாரி எடுத்தேன். பத்தாம் நாள் அருகு வண்டலைத் துளைத்துக்கொண்டு வந்தது.

மார்கழியில் பனியோடு சிலந்திவலைபோல வெள்ளைப் பூசணம் படியும். மாலையில் தண்ணீர் விடும் பழக்கத்தை நிறுத்தியதுமே பாதி போய்விட்டது.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அருகுக்கு நாளெல்லாம் வெயில் வேண்டும். பக்கத்து வீட்டு வேப்பமரம் வளர்ந்து நிழல் விழுந்த மூலையில் அது நிற்கவில்லை. கொரியன் புல்லாவது கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். அங்கே கல் பாவிவிட்டேன். பூச்செடிப் பாத்திக்குள்ளும் அருகு சொல்லாமல் கொள்ளாமல் நுழையும்; ஓரத்தில் ஓர் அடி ஆழத்துக்குச் செங்கல் புதைத்தும் கேட்கவில்லை. செயற்கைப் புல் போட்ட நண்பர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். மே மாதம் நண்பகலில் அவர் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்கச் சொல்லுங்கள்.

மூன்று ஆண்டுக்கு முன் விநாயகர் சதுர்த்தி காலையில் எதிர்வீட்டுப் பாட்டி அருகு பறிக்க வந்தார். தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இத்தனை புல் இருந்து என்னப்பா, மூன்று இலை நுனியோடு ஒன்றுகூட இல்லையே” என்று வெறுங்கையோடு போனார். முதல் நாள்தான் ஒட்ட வெட்டியிருந்தேன். அதிலிருந்து ஆவணி பிறந்ததும் மதில் ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு எந்திரம் விடுவதில்லை.