25 பவுண்டு கொடுத்துக் குப்பை பொறுக்கிவிட்டு வந்தேன்: டிடெக்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்டல் டிடெக்டரும் கையுமாக, மண்ணுக்கடியில் பழங்காசு தேடி வயல்வெளியில் திரிகிற நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கும், ஆசைப்பட்டுப் புதிதாகக் கருவி வாங்கியிருப்பவர்களுக்கும்தான் இது. போன செப்டம்பரில் சஃபோக்கில் ஒரு 'பெய்ட் டிக்'குக்குப் போய் நன்றாக ஏமாந்தேன்.

இங்கே நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் எந்த வயலிலும் டிடெக்டரோடு இறங்கக் கூடாது. நானும் நாலைந்து பண்ணைகளில் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருவரும் மசியவில்லை. அதனால் சிலர் பண்ணைக்காரரிடம் பேசி ஒரு நாளைக்கு நிலத்தை எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து, கூட்டமாகத் தேட விடுவார்கள். அதுதான் பெய்ட் டிக். ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு முறை போய்ச் சந்தோஷமாகத் திரும்பியிருக்கிறேன்.

இந்த முறை விளம்பரத்தில் 120 ஏக்கர், இதுவரை யாரும் தேடாத நிலம், பக்கத்தில் ரோமானியர் காலத்துச் சாலை என்று போட்டிருந்தார்கள். கூடவே ஒரு படம்: உள்ளங்கையில் மூன்று வெள்ளிக் காசுகள், கட்டைவிரலில் நீலநிற பிளாஸ்டர். சஃபோக் என்றதுமே எனக்குச் சபலம் தட்டிவிட்டது. 1992 நவம்பரில் அங்கே ஹாக்ஸன் கிராமத்தில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவர் எரிக் லாஸ். அவர் டிடெக்டரில் சிக்கியது ரோமானியப் புதையல். கிட்டத்தட்ட 15,000 காசுகள், தங்க நகைகள், வெள்ளிக் கரண்டிகள், பரிசுத்தொகை 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது! இப்படி ஒரு கதையைக் கேட்டவன் எதையும் விசாரிப்பானா? அன்றிரவே 25 பவுண்டை பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டேன்.

புளிசாதம் கட்டிக்கொண்டு காலை ஆறரைக்கு ஈஸ்ட் ஹாமிலிருந்து கிளம்பினேன். பண்ணை வாசலில் எனக்கு முன்னால் அறுபது கார் நிற்கும். பார்க்கிங்குக்குத் தனியாக 5 பவுண்டு, அதுவும் ரொக்கம். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பணம் திருப்பித் தரப்படாது என்பது அதில் பொடி எழுத்தில் இருந்ததாம். எது கிடைத்தாலும் தன்னிடம் கொடுத்துவிடும்படியும், அரசுக்குத் தானே தெரிவித்துவிடுவதாகவும் நடத்துபவர் மைக்கில் சொன்னார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

120 ஏக்கரில் முக்கால்வாசி சுகர் பீட் பயிர். அதற்குள் காலே வைக்க முடியாது. திறந்துவிட்டது கோதுமை அறுத்த ஒரே ஒரு வயலைத்தான். சரி, வந்தாயிற்று என்று கருவியைப் போட்டேன். ஒரு நொடி ஓயவில்லை. இடது பக்கம் வீசினால் கீச், வலது பக்கம் வீசினால் கீச், கோழிப்பண்ணைக்குள் நுழைந்த மாதிரி. முதல் குழியில் நகக்கண் அளவுக்கு அலுமினியத் தாள். அடுத்ததில் அரைத்துப் போட்ட கோக் டின்னின் ஒரு சில்லு. மூன்றாவதில் பேட்டரியின் துருப்பிடித்த தொப்பி. கையில் உதிர்த்துப் பார்த்த மண்ணாங்கட்டிக்குள் நீல நைலான் நார், பூந்தொட்டிப் பிளாஸ்டிக், கண்ணாடித் துணுக்கு. பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு "கிரீன் வேஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவியை மடக்கத் தொடங்கினார்.

வீடுகளில் சேகரிக்கிற தோட்டக் கழிவை அரைத்து, மக்க வைத்து, வயலுக்கு உரமாக இறைக்கிறார்கள். கழிவோடு கழிவாக டின், தாள், பேட்டரி எல்லாம் அரைபட்டு வந்துவிடுகிறது. ஒரு தடவை இறைத்துவிட்டால் பொறுக்கி எடுக்கவே முடியாது. அந்தச் சத்தத்தை மட்டும் ஒதுக்கி வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் இடைக்காலத்து வெள்ளிப் பென்னி நகம் போல மெல்லியது, சின்னத் தங்கத் துண்டும் அப்படித்தான். டிடெக்டருக்கு அலுமினியத் தாளும் இவையும் ஏறக்குறைய ஒரே குரல். அதை ஒதுக்கினால் இவையும் போய்விடும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தாலோ ஆழத்தில் இருப்பது கேட்காது.

யாரும் தேடாத நிலம் என்றார்களே, வேலியோரப் புல்லில் பழைய குழிகள் வரிசையாக இருந்தன. மழையில் விளிம்பு கரைந்து, அரைகுறையாக மூடி, பக்கத்திலேயே பொறுக்கிப் போட்ட டின் சில்லுகள்.

நடத்துபவரிடம் போய்க் கேட்டேன். இந்தப் பொழுதுபோக்கே இப்படித்தான், ஒரு நாள் கிடைக்கும் ஒரு நாள் கிடைக்காது என்று சிரித்தார். கிடைக்கவில்லை என்று நான் சண்டைக்குப் போகவில்லை. வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் எனக்கு எத்தனையோ. மதியம் அந்தப் பக்கம் வந்த பண்ணைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் வயிறு எரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பே இறைத்ததாகவும், நடத்துபவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட்டதாகவும் அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்.

ஏழு மணி நேரத்தில் என் கணக்கு: ஒரு ஈயக் குண்டு, காது உடைந்த ஒரு பித்தளைப் பொத்தான், ஒரு பை நிறையக் குப்பை. பையைத் திறந்து பார்த்த மனைவி, "இதுக்கு நம்ம தெருமுனைத் தொட்டியவே கிளறியிருக்கலாமே, பெட்ரோலாவது மிச்சம்" என்றாள்.

இனி யார் டிக்குக்குப் போவதானாலும், பணம் அனுப்பும் முன்பே கிரீன் வேஸ்ட் இறைத்திருக்கிறதா என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அன்றைய தேதிக்கு எத்தனை ஏக்கர் பயிரில்லாமல் திறந்திருக்கும் என்றும் கேளுங்கள். நிலத்துக்காரரின் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். அது இல்லாமல் எடுத்தால் திருட்டு வழக்கு உங்கள் மேல்தான் வரும். அப்புறம் அந்த மைக் பேச்சு. 300 வருஷத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டிய கடமை சட்டப்படி கண்டெடுத்தவருக்குத்தான். பொருளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அந்தந்தப் பகுதிக்கென்று தொல்பொருள் அதிகாரி இருக்கிறார், நீங்களே அவரிடம் பேசலாம்.

பணத்தைக் கேட்டு மூன்று மெசேஜ் அனுப்பினேன். இரண்டைப் பார்த்ததாகக் காட்டியது, பதில் இல்லை. மூன்றாவதற்குப் பதிலாக அடுத்த டிக்கின் விளம்பரம் வந்தது. இந்தத் தடவை எஸ்ஸெக்ஸ், 200 ஏக்கர், யாரும் தேடாத நிலம். படத்தில் அதே உள்ளங்கை, அதே மூன்று காசு, கட்டைவிரலில் அதே நீல பிளாஸ்டர்.