ஹாக்வார்ட்ஸா, ஸ்காலமன்ஸா?

ஈரோடு புத்தகத் திருவிழாவில் வீட்டுப் பிள்ளைக்கு மாயப்பள்ளிக் கதை தேடினால், எல்லாரும் சொல்வது 1997இல் தொடங்கிய ஹாரி பாட்டரைத்தான். நான் கூடவே நவோமி நோவிக் 2020இல் எழுதிய ‘எ டெட்லி எஜுகேஷன்’ நாவலையும் சொல்வேன்.

ஹாரி படிக்கும் ஹாக்வார்ட்ஸிலும் ஆபத்து உண்டு. ஆனால் தலைமையாசிரியர் டம்பிள்டோர் இருக்கிறார், மேசை நிறையச் சாப்பாடு வந்து இறங்குகிறது. நோவிக்கின் மாயப்பள்ளியான ஸ்காலமன்ஸில் வாத்தியாரே கிடையாது. தட்டில் இருப்பதைச் சோதித்துவிட்டுத்தான் வாயில் வைக்கணும். குளிக்கப் போனாலும் காவலுக்கு ஒரு ஆள் வேண்டும். கடைசி வருடம் முடிந்ததும், பசியோடு காத்திருக்கும் ஜந்துக்களின் கூடத்தைத் தாண்டித்தான் வெளியே வர முடியும்.

மந்திரமும் சும்மா வராது. அப்பா வழியில் மும்பைக் குடும்பத்துப் பெண்ணான கதாநாயகி எல், தண்டால் எடுத்தும் குரோஷா பின்னியும் சக்தியைச் சேமிக்கிறாள். செல்வாக்குள்ள குழுக்களின் பிள்ளைகளுக்கோ, பொதுச் சேமிப்பிலிருந்தே கிடைத்துவிடுகிறது. இந்த அநியாயம்தான் என்னை உலுக்கியது. நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ படித்தவர்களுக்கு, யாரோடு சேர்ந்தால் தப்பிக்கலாம் என்று எல் போடும் கணக்கு சட்டெனப் புரியும்.

நடையில் ஹாரி சுலபம். எல் தன் கதையைக் கோபமாக, நீட்டி முழக்கித்தான் சொல்வாள். தொடக்கத்தில் பொறுமை வேண்டும்.

12 வயதென்றால் ஹாரியைக் கொடுங்க. 16 என்றால் யோசிக்காமல் நோவிக். அப்புறம், இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே வாங்கிடுங்க. முதல் பாகத்தின் முடிவு தூங்க விடாது.