ப்ரீ-மெட் படிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸா, யூ.டி. டல்லஸா?

டெக்சஸில் வசிக்கும் குடும்பம், பிள்ளைக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் (பால்டிமோரில் உள்ள தனியார் பல்கலைக்கழகம்), யூ.டி. டல்லஸ் (டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம்) இரண்டிலும் அட்மிஷன், குறி மெடிக்கல் ஸ்கூல்; அதற்குத் தயாராகும் இளங்கலைப் படிப்புதான் ப்ரீ-மெட். இப்படி ஒரு நிலையை வைத்துத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் டல்லஸைத் தேர்ந்தெடுத்தோம். அந்தச் சாய்வு கீழே நன்றாகவே தெரியும்.

பெயர், ஆராய்ச்சி இரண்டிலும் ஹாப்கின்ஸ் மேல், பேச்சே இல்லை. படிக்க வேண்டியவை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே: பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ் தலா இரண்டு செமஸ்டர் லேபோடு, பிறகு பயோகெமிஸ்ட்ரி, ஸ்டாட்ஸ், ஆங்கிலம். மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

தீர்மானிப்பது ஜி.பி.ஏ. (4.0-க்குப் போடும் கிரேடு சராசரி), அதிலும் சயன்ஸ் ஜி.பி.ஏ. அமெரிக்க எம்.டி. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.8-ஐ ஒட்டியும், எம்கேட் 512-ஐ ஒட்டியும் இருக்கிறது. எம்கேட் சரியில்லை என்றால் திரும்ப எழுதலாம். ஜி.பி.ஏ.வுக்கு அந்த வசதி கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சயன்ஸ் பாடங்கள் மொத்தம் 40 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஏ (4.0), ஒரே ஒரு 4 கிரெடிட் ஆர்கானிக்கில் மட்டும் சி (2.0) என்றால் 4.0 இறங்கி 3.80 ஆகிவிடும். அதே பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் 3.82தான். பழைய சி அழியாது, இரண்டும் கணக்கில் சேரும். ஹைஸ்கூலில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த டூயல் கிரெடிட் மார்க்கும் இதில் வந்து சேர்ந்துவிடும்; பல பெற்றோருக்கு இது தெரிய வருவதே விண்ணப்பம் போடும்போதுதான்.

ஹாப்கின்ஸில் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் வகுப்புகளில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானோர் மருத்துவத்தைக் குறிவைத்து வந்த கெட்டிக்காரர்கள். கர்வ் போட்டால், அதாவது வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டு கிரேடு கொடுத்தால், நல்ல மாணவர்களிலும் பாதிப் பேர் நடுவில் நின்றுவிடுவார்கள். முதல் செமஸ்டர் கிரேடை டிரான்ஸ்கிரிப்டில் காட்டாத பழைய சலுகையும் 2017-ல் போய்விட்டது. கடினமான கல்லூரி என்று பார்த்து 3.5-ஐ 3.8 ஆக ஏற்றிக் கணக்கிடும் சூத்திரம் விண்ணப்ப அமைப்பு எதிலும் இல்லை. சில தனியார் மெடிக்கல் ஸ்கூல்கள் பெயருக்குக் கொஞ்சம் எடை கொடுக்கும். அந்தக் கொஞ்சத்தை நம்பி 0.3-ஐப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

டெக்சஸ்காரர்களுக்கு இன்னொரு நுணுக்கம். நாடு தழுவிய ஏ.எம்.சி.ஏ.எஸ். விண்ணப்பத்தில் ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3. டெக்சஸ் மெடிக்கல் ஸ்கூல்களுக்கான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். விண்ணப்பம் பிளஸ், மைனஸைப் பார்க்காது: ஏ மைனஸ் 4.0, பி பிளஸ் வெறும் 3.0. ஆக, நமக்கு ஏ மைனஸ் லாபம், பி பிளஸ் நஷ்டம். 89-ல் நிற்கும் பாடத்தை எப்பாடுபட்டாவது 90 ஆக்குவதற்குத்தான் உழைப்பு போக வேண்டும். இங்குள்ள அரசு மெடிக்கல் ஸ்கூல்களில் வெளிமாநிலத்தார் 10 சதவீதத்துக்கு மேல் சேர முடியாது. பால்டிமோரில் படித்தாலும் பெற்றோர் டெக்சஸிலேயே இருந்தால் பொதுவாக உள்மாநிலத்தார் என்ற இந்தச் சலுகை போகாது. எனவே இதை மட்டும் காரணம் காட்டி ஹாப்கின்ஸைத் தள்ள வேண்டாம்.

பணம். ஹாப்கின்ஸில் உதவி கிடைக்காவிட்டால் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். 2018-ல் ப்ளூம்பெர்க் கொடுத்த 180 கோடி டாலருக்குப் பிறகு நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு நல்ல உதவி உண்டு. இரண்டு பேரும் ஐ.டி.யில் இருக்கும் வீட்டுக்கு அது எட்டுவது சந்தேகம். யூ.டி. டல்லஸில் உள்மாநில டியூஷன் 15,000-ஐ ஒட்டி, அதுவும் நான்கு ஆண்டுக்கு ஏறாது. 2026 ஜூலை முதல் மெடிக்கல் மாணவர்கள் புதிதாக வாங்கும் ஃபெடரல் கடனுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. இளங்கலையில் மிச்சம் பிடிப்பது அங்கே கைகொடுக்கும்.

டல்லஸில் ஆராய்ச்சிக்கு வழியில்லை என்பதும் சரியில்லை. கிரீன் ஃபெலோஷிப் கிடைத்தால் ஒரு ஸ்பிரிங் செமஸ்டர் முழுக்க டல்லஸிலேயே உள்ள யூ.டி. சவுத்வெஸ்டர்ன் மெடிக்கல் ஸ்கூல் லேபில் வேலை செய்யலாம். ஆனால் மருத்துவமும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்ந்த எம்.டி.-பிஎச்.டி.தான் ஆசை என்றால், முதல் ஆண்டிலிருந்தே ஒரே லேபில் ஊறக் கிடைக்கும் ஹாப்கின்ஸை நானும் அவ்வளவு எளிதில் ஒதுக்க மாட்டேன். கிரீன் கார்டு வராமல் எச்-4-இல் (எச்-1பி பெற்றோரைச் சார்ந்த விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு: 21 வயதில் அந்த விசா முடிகிறது, பல மெடிக்கல் ஸ்கூல்கள் விசாக்காரர்களை எடுப்பதும் இல்லை. அங்கே கல்லூரிப் பெயரைவிட விசா வழக்கறிஞரிடம் பேசுவது முதல் வேலை.

மே 1-க்குள் டெபாசிட் கட்டுவதற்கு முன் இரண்டு இடத்து அட்வைசிங் அலுவலகத்தையும் கேளுங்கள். "எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்தார்கள்" என்று எந்தக் கல்லூரி சொன்னாலும் அது விண்ணப்பம் போட்டவர்களை மட்டும் வைத்த கணக்கு. முதல் ஆண்டில் ப்ரீ-மெட் என்று வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் விண்ணப்பம் வரை வந்தவர்கள் எத்தனை பேர், எந்த ஜி.பி.ஏ.வுக்குக் கீழே "இந்த வருஷம் வேண்டாம்" என்று தடுத்து நிறுத்துகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.